நூற்றுப் பதினெட்டு மைக்ரான்

அறுபது தவணையில் பதினேழு கட்டியாயிற்று.
கருநீலம்தான் வேண்டும் என்று நின்றேன்.
வெள்ளை எடுங்க மேடம், அழுக்கு தெரியாது
என்றான் ஷோரூம் பையன்.
தெரியட்டும் என்றுதான்.

வீடு முதுநகரில், கிடங்குச் சந்தில்.
ஆட்டோவே அங்கே
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும்.
ஆகவே என் கார்
வலை காயப்போடும் பொட்டலில் நிற்கிறது,
பூவரசு நிழலுக்குப் பத்தடி தள்ளி.
நிழல் என்றால் காக்கை.
அதன் எச்சத்தை ஒருநாள்
சிமிழில் அடைத்து லேபுக்கே கொண்டுபோனேன்.
பிஹெச் நாலு சொச்சம்.
அன்று மேனேஜரிடம் வாங்கிய பேச்சுக்கு
அளவுமானி இல்லை.

கொண்டல் அடித்தால் உப்பு.
கதவின் கீழ்விளிம்பில் நக்கிப் பார்த்தால் கரிக்கும்
(பார்த்திருக்கிறேன்).
தெற்கிலிருந்து வீசினால் தூள்.
மாவு சலித்ததுபோல அவ்வளவு நைசு.
எங்கிருந்து வருகிறது என்று
தெருவில் எல்லோருக்கும் தெரியும்,
எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.
அந்தப் புகைபோக்கிக்குக் கீழேதான்
காலை ஷிப்டில் என் கையெழுத்து.
அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்
என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து
அனுமதிக்கப்பட்ட அளவை
ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன்.
தவணையும் அங்கிருந்துதான் வருகிறது,
துடைக்கிற துணியின் விலையும்.

மூவாயிரத்து எண்ணூறுக்கு உறை வாங்கினேன்.
உள்பக்கம் பஞ்சு,
கண்ணாடிகளுக்கென்று இரண்டு காதுகள்.
ராத்திரி முழுக்கக் காற்றில் அது படபடக்கும்.
பத்திரமாக இருக்கிறது என்று
அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வரும்.

மஞ்சக்குப்பத்தில் ஜாபர் விளக்கை அருகில் கொண்டுவந்தார்.
பானட் முழுக்கச் சிலந்திவலை.
யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தமாதிரி.
"யாரும் இல்ல மேடம், உங்க உறைதான்.
மணல் உள்ள பூந்துடும்,
காத்து புடிச்சு ஆட்டும்,
ராவெல்லாம் இழைச்சிருக்கு."
கையடக்கக் கருவியை வைத்து அழுத்தினார்.
பானட்டில் நூற்றுப் பதினெட்டு,
கூரை ஓரத்தில் நூற்று நாலு.
"மெருகு போடலாம். மினுங்கும்.
போடப்போட மெலியும்.
எத்தனை வாட்டின்னு
நீங்களே கணக்கு வெச்சுக்குங்க."

தலைமுடியைவிட மெல்லிசு ஒன்றிலா
என் நாற்பத்து மூன்று மாதங்கள்.

உறையை வீரப்பெருமாள் கேட்டு வாங்கிக்கொண்டார்.
இப்போது அவருடைய படகு என்ஜின்
அதற்குள் தூங்குகிறது.
கண்ணாடி இல்லாத காதுகள் இரண்டும்
காற்றில் ஆடுகின்றன.

நேற்றுக் காலை வாளியோடு போனபோது
பானட்டின்மேல் சாய்ந்து நின்றாள்
வீரப்பெருமாள் பேத்தி ஜீவஸ்ரீ.
தூளில் பெரிதாக ஒரு ஜீ.
சுழியை முடிக்கத் தெரியாமல்
திரும்பவும் திரும்பவும் அதே இடத்தில் விரலை ஓட்டினாள்.
ஏய் என்று வாய்வரை வந்தது.
ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை மைக்ரான் என்று
மண்டை கணக்குப் போட்டது.
அவள் திரும்பினாள்,
என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
விரலை வாயில் வைக்கப் போனாள்.

பிடித்துவிட்டேன்.
வாளித் தண்ணீர் முழுவதும் அவள் கைக்கே போனது.
தேய்க்காமல்,
மேலிருந்து கீழாக,
நிறைய ஊற்றி.
நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
என் புது மைக்ரோஃபைபர் துணியின் முனையால்
அதையும் எடுத்தேன்.
"கார் கழுவலையா லேப் அக்கா?"

கழுவவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.
உப்பனாற்றுப் பாலம் தாண்டும்போதும்
கண்ணாடிக்கு முன்னால் அந்த எழுத்து
தலைகீழாக என்னோடு வந்தது.

கேட்டில் செக்யூரிட்டி ரோலை நிறுத்திக் குனிந்து பார்த்தார்.
"யாரு மேடம் ஜீ?"

பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.
நான் இன்னும்
கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தேன்.