பீட்டர்ஹெட் விசாரணை

ஆயிரம் மீட்டருக்கு அப்பாலும் கண் போனால் மிஸ்ட்.
அதற்குள்ளேயே உலகம் முடிந்துவிட்டால் ஃபாக்.
காப்பீட்டு வக்கீல் துணி அளப்பவர் போலச் சொன்னார்.
நான் தட்டச்சு செய்தேன்.

துறைமுகப் பதிவேட்டில்
காலை ஐந்து நாற்பதுக்கு மிஸ்ட் என்றிருக்கிறது.
மிஸ்ட் என்றால் பாறை தெரிந்திருக்கும்.
தெரிந்தும் மோதினால் குற்றம் படகோட்டிக்கு,
பணம் கம்பெனிப் பெட்டியிலேயே இருக்கும்.
ஃபாக் என்றால் குற்றம் கடலுக்குப் போகும்.
கடலுக்கு யாரும் சம்மன் அனுப்புவதில்லை.

எஃபி கார்டினரைக் கூப்பிட்டார்கள்.
ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அன்று மிஸ்டா, ஃபாக்கா, திருமதி கார்டினர்?

ஹார், என்றாள்.

கடல் எழுந்து தெருவுக்குள் நடந்து வருவதற்கு
எங்கள் ஊர் வைத்திருக்கும் பெயர்.
வக்கீல் லண்டன்காரர்.
படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கமும் இரண்டே கட்டங்கள்.

ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

ராத்திரி மறந்த துணியை எடுக்கப் போனேன், என்றாள்.
கொடியைக் கையால் துழாவித்தான் கண்டுபிடித்தேன்.
எல்லாம் எடுத்தாயிற்று என்று உள்ளே வந்துவிட்டேன்.
பத்து மணிக்கு விலகியபோது
அலிக்கின் நீலச் சட்டை அங்கேயே தொங்குகிறது.
நான் நின்ற இடத்திலிருந்து நான்கடி.

யாரும் இருமக்கூட இல்லை.

என் கணினி
ஹார் என்ற சொல்லுக்கு அடியில்
சிவப்பாய் ஒரு கோடு போட்டு
திருத்தவா என்று கேட்டது.
கோட்டோடே அச்சுக்கு அனுப்பினேன்.