ஒரே வளைவு

ஐந்து ரோட்டில் மாடி அறை. ஒரு கணினி, ஒரு ஃபேன்.
கீழே தட்டுவடை செட் போடுகிறவர்
பீட்ரூட் துருவும் சத்தத்தில்தான்
உலகத்துக்கெல்லாம் டிக்கெட் போடுகிறேன்.
நான் இன்னும் விமானம் ஏறியதில்லை.
கேட்பவர்களிடம் ஏறியதாகச் சொல்வேன்.

ஏற்காட்டு ஜீப் டிரைவர் சடையன்
செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.
பயணம் அவருக்கில்லை, சம்சாரத்துக்கு.
சான் பிரான்சிஸ்கோவில் மகளுக்குப் பிரசவம்.
பெங்களூரில் ஏறினால் நேராக அங்கேதான், என்றேன்.
பதினாலாயிரம் கிலோமீட்டர்.
ஏறக்குறைய பதினேழு மணி நேரம்.

எண்ணுக்கெல்லாம் அவர் அசையவில்லை.
"அதுல எத்தனை கொண்டை ஊசிங்க?"

விளையாட்டாகக் கேட்கவில்லை.
மலைப்பாதையின் இருபது வளைவில்
பதினாலாவதில் வாந்தி எடுப்பவர் பொன்னாயி,
முப்பது வருஷமாக.
எலுமிச்சம்பழம் முகர்ந்தாலும்
ஜன்னலோரம் உட்கார்ந்தாலும்
கண்ணை இறுக்கிக்கொண்டாலும்
பதினாலு வந்தால் வயிற்றுக்குத் தெரிந்துவிடும்.

வளைவே கிடையாது என்று சொல்லியிருக்கலாம்.
திரையில் கோட்டைக் காட்டித் தொலைத்தேன்.
அது வடக்கே ஏறி, பனிக்கு மேலே போய்,
வில்லாகக் குனிந்து இறங்கியது.

"வளையுதுங்களே."
நேர்வழியே அதுதான், என்றேன்.
"வானத்துல மலையா நிக்குது, சுத்திக்கிட்டுப் போக?"
பூமிதாங்க மலை, என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது.
மடியில் கிடந்த அவருடைய கைகள் இரண்டும்
ஸ்டியரிங் பிடித்த மாதிரி
மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பக்கம் திரும்பின.
"அப்ப ஒரே வளைவு."
ஒன்றுதான்.

டிக்கெட்டைத் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டார்.
பதினேழு மணி நேரத்தில் தன் ஜீப்
ஐந்து நடை ஏறி இறங்கும். இருநூறு வளைவு.
மதியம் ஏறுகிறவர்
அதே நாள் சாயங்காலம் இறங்குவார் என்பதை மட்டும்
நம்ப மறுத்துவிட்டார்.
நல்லதாய்ப் போயிற்று. விளக்க எனக்கும் வராது.

அந்தம்மா போய்ச் சேர்ந்த மறுவாரம்
மிளகுப் பொட்டலத்தோடு வந்தார்.
விமானத்தில் ஒன்றுமே ஆகவில்லையாம்.
பாதி வழி தூக்கமாம்.
பெங்களூர் போக மலை இறங்கியபோதுதான்,
வழக்கம்போல, பதினாலில்.

வளைவு எந்த இடத்தில் வந்தது என்று
போனில் இரண்டு தடவை கேட்டாராம்.
ஒண்ணும் தெரியலையே என்றாராம் பொன்னாயி.
அதுதான் மனுஷனைத் தூங்க விடவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு
படியில் ஒரு காலோடு திரும்பினார்.
"அவ்வளவு பெரிய திருப்பம்.
ஹாரன் அடிச்சிருப்பானுங்களா?"