பதினோரு மைல்

இன்று பதினோரு மைல்.
நேற்று ஒன்பது.
முந்தாநாள் மழை, நகரவே இல்லை.
சன்னல் கண்ணாடியில் ஆளுக்கொரு துளியைப் பந்தயம் விட்டோம்.
என் துளி பாதியில் நின்றுவிட்டது.
பாத்திரம் நான் கழுவினேன்.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் ஹார்லன்.
ஆறு ஐம்பத்திரண்டுக்கு மரக்கடை முனை,
ஆறு ஐம்பத்தேழுக்கு தேவாலயம்,
ஏழு மூன்றுக்கு, எப்போதும் ஒரு ஷூவோடு ஓடிவரும்
பிரிஸ்கோ வீட்டு இரட்டையர்.
நினைத்த இடத்தில் நிறுத்த
அந்த வண்டியில் அவனுக்கு உரிமை இருந்ததில்லை.

இப்போது எதற்கும் நிறுத்துகிறான்.
புகைபோட்ட சால்மன் என்று கையால் எழுதிய பலகைக்கு.
யாரோ வேலியில் மாட்டிவிட்டுப் போன ஒற்றைக் கையுறைக்கு.
பாண்டனுக்கு வடக்கே ஒரு கழுகுக்கு நிறுத்தினான்.
கழுகில்லை, பிளாஸ்டிக் பை என்று தெரிந்த பிறகும்
இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம்.
பை நன்றாகத்தான் பறந்தது.

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு
கலிபோர்னியாவுக்கு ஓடுகிறவர்கள்
பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள்.
ஒதுங்கி வழிவிட்டுக் கையசைக்கிறான்,
பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அசைப்பதைப்போல.

இருபத்துநாலு அடி வீடு இது.
ரோஸ்பர்கில் ஒரு பல் மருத்துவரின் மனைவியிடம்
அவர் இறந்த பிறகு வாங்கியது.
பழுப்புத் திரை, இன்னும் லேசாகக் கிராம்பு வாசனை.
இடது வளைவு ஒவ்வொன்றிலும்
கரண்டி இழுப்பறை தானாகத் திறந்துகொள்ளும்.
கயிறு கட்டிப் பார்த்தோம்.
பிறகு கரண்டிகள் இல்லாத பயணம் வெறிச்சென்று இருக்க
கயிற்றை அவிழ்த்துவிட்டோம்.

வழியெங்கும் நீலப் பலகைகள்:
மேட்டில் ஏறி ஓடும் ஒரு மனிதன்,
அவன் முதுகில் சுருண்டெழும் அலை.
சுனாமி வந்தால் இந்தப் பக்கம்.
"இந்தக் கரையில் அவசரத்தில் இருப்பவன் அவன் ஒருவன்தான்"
என்கிறான் ஹார்லன்.
பதினான்காவது முறையாகச் சொல்கிறான்.
பதினான்காவது முறையும் சிரிப்பு வந்து தொலைக்கிறது.

கூஸ் பேக்கு முன்னால்
ஆளில்லாத ஒரு லெவல் கிராசிங்.
தண்டவாளத்தில் துரு,
கட்டைகளுக்கிடையே முள்பெர்ரிக் கொடி பழுத்துக் கிடந்தது.
ரயில் வந்து எத்தனை காலமோ.
ஆனாலும் நிறுத்தினான்.
பேருந்துக்காரன் நிறுத்தியே ஆகவேண்டும்,
கதவைத் திறந்து காதுகொடுத்தே ஆகவேண்டும்.
நாற்பது பிள்ளைகளும் அந்த ஒரு கணம்
வாயை மூடிக்கொள்வார்களாம்.
முப்பத்தொரு வருடத்தில்
அவனுக்குக் கிடைத்த அமைதி மொத்தமும் அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கேலி செய்வேன்.

சன்னல் பக்கக் காது போய்விட்டது,
டீசல் இரைச்சலும் காற்றும் தின்று தீர்த்தது போக
இன்னொன்றில் பாதிதான் மிச்சம்.
அதனால் கதவைத் திறந்துவிட்டு
அவன் தண்டவாளத்தைப் பார்ப்பதில்லை.
என் முகத்தைப் பார்க்கிறான்.

நான் கேட்டேன்.
கழிமுகத்தில் கடற்சிங்கங்களின் பங்காளிச் சண்டை.
ஒரு படகின் மணி.
இழுப்பறை மெல்ல நகரும் சத்தம்.
"ஒன்றும் வரவில்லை" என்றேன்.
கதவைச் சாத்தினான்.

போர்ட் ஓர்ஃபர்டில் இரவு.
பக்கத்து வண்டி ஆஸ்வால்டோ இரண்டு நண்டு கொடுத்தார்.
எங்கள் பெரிய பாத்திரத்தில் ஒன்றுதான் அடங்கும்.
முதல் நண்டைப் பகிர்ந்து தின்று
இரண்டாவது வேகும்வரை
வெண்ணெய்க் கையோடு காத்திருந்தோம்.
மூடுபனி வந்து மேசையில் உட்கார்ந்தது.

நல்ல காதைத் தலையணையில் புதைத்துத் தூங்குகிறான்.
அவனுக்குக் கடல் அணைந்துவிட்டது.
எனக்கு இல்லை:
ஒவ்வொரு அலையும் கூழாங்கற்களை
வாரி வாரிக் கொட்டுகிறது,
யாரோ சில்லறை எண்ணித் தப்பாகி
மறுபடி எண்ணுவதைப்போல.

காலையில் கேட்பான், ராத்திரி எப்படி இருந்தது என்று.
சொல்வேன்.
கொஞ்சம் கூட்டியும் சொல்வேன்.

நாளை ஏழு மைல்.
அங்கே ஒரு கடையில் ஆப்பிள் பை நன்றாக இருக்குமாம்.
செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றார்கள்.
நாளை செவ்வாயா என்று
இருவருக்கும் தெரியவில்லை.