ஒன்றுவிட்ட கோணங்கள்

பீல் நகரில், நாலாம் மாடிக்கும் மேலே,
ஓடுகளுக்குக் கீழே ஒற்றை அறை.
அதை இரண்டாக்க ஒரு பலகை வேண்டும்,
மேல்விளிம்பு கூரையோடு சாய்ந்துபோக.

ஏன் இரண்டாக்க வேண்டும் என்பது
தரவில் இல்லை.
ஒரு காப்பு, ஓர் அடகுச் சீட்டு,
சுகிர்தாவும் நானும் பேசாத பத்தொன்பது நாள்:
இவற்றுக்குப் பாகைக் குறி போட முடியாது.

மரக்கடையில் வாளுக்கு முன் நிற்பவர்
முதலில் ஜெர்மனில் கேட்டார், பிறகு பிரெஞ்சில்,
என்ன கோணம் என்று.
எனக்கு இரண்டிலும் தெரியவில்லை.

கூரை வந்து தரையில் முட்டும் மூலையில்
வெப்பக் குழாய் ஓடுகிறது.
ஒன்றரை பிராங் பாகைமானி,
பள்ளிப் பிள்ளைகள் வாங்குவது,
அதைப் படுக்கவைக்கக்கூட இடமில்லை.
அளக்க முடிந்தது மேலே மட்டும்.
உட்கூரையும் சரிவும் சேருமிடத்தில்
நூற்று முப்பத்தெட்டு.

இனி அமைப்பு.
உட்கூரையின் கோட்டை நீட்டினேன்,
ஓட்டைத் துளைத்து, வெளியே,
பெப்ரவரிப் பனிக்குள்.
அங்கே யாரும் போய் அளக்கத் தேவையில்லை.
நேர்கோட்டுக்கு நூற்றெண்பது.
கழித்தால் நாற்பத்திரண்டு.
வெளியே குளிரில் நிற்கும் அந்த நாற்பத்திரண்டும்
உள்ளே குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மூலையும்
ஒன்றுவிட்ட கோணங்கள்.
ஆகவே சமன்.

ஒன்றுவிட்ட.
சுகிர்தாவை வேலைத்தலத்தில் அறிமுகம் செய்யும்போது
என் வாயில் வரும் சொல்லும் அதுதான்.
ஒன்றுவிட்ட தங்கை.
ஒரே கோட்டை
மறுபக்கத்தில் நின்று தொடுகிறவள்.

நாற்பத்திரண்டும் செங்கோணமும் போக
தெரியாக்கணியம் நாற்பத்தெட்டு.
சொன்னேன். அறுத்தார்.
நாலு மாடியும் தோளில் சுமந்துவந்து நிறுத்தினேன்.

அடிமூலை கச்சிதமாகப் பொருந்தியது.
மேலே போகப் போக விலகி,
உச்சியில் நாலு விரல் இடைவெளி.
அதன் வழியே அவளுடைய மேசை விளக்கு
என் போர்வையில் ஓர் ஆப்பு வெளிச்சம் போட்டது.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.
மூன்று முறையும் நூற்றெண்பது.
நிறுவலில் பிழை இல்லை,
வீட்டில்தான் பிழை என்று
சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

இடைவெளி பேசியது:
"தேசிக்காய் விழுந்தா
எப்பவும் கதவுப் பக்கம்தான் உருளும், அக்கா."

பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதல் வசனம்.
அதுவும் ஒரு தரவு.

கொப்பியைத் திருப்பினேன்.
உட்கூரையும் தரையும் சமாந்தரம்
என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.
யார் எனக்கு அதைச் சொன்னது?
பள்ளிப் புத்தகத்தில் இரு கோட்டின் மேலும்
சின்ன அம்புக்குறி போட்டிருப்பார்கள்.
இந்தத் தரையில் யாரும் போட்டுத் தரவில்லை.
பழைய மரம், தன் பாட்டில்
தாழ்ந்துகொண்டே இருந்திருக்கிறது,
நான் தினமும் அதன் மேல் நடந்தேன்,
சமைக்கிறவள்தான் கவனித்திருக்கிறாள்.

என் போனின் கண்ணாடி வெடித்துப்போனது.
அவளுடையதில் மட்டம் பார்க்கலாம்.
கேட்கவில்லை நான்.
பலகைக்கும் கூரைக்கும் நடுவால்
பக்கவாட்டில் திரும்பி வந்தது,
சார்ஜில் கிடந்த சூட்டோடு.

தரையில் வைத்தேன்.
கதவை நோக்கி இரண்டு பாகை.
அப்படியானால் மூலை நாற்பத்துநாலு,
எக்ஸ் நாற்பத்தாறு.
குறைத்து அறுத்ததை ஒட்ட முடியாது,
இன்னொரு பலகை, இன்னும் பதினெட்டு பிராங்.
வீணாய்ப் போன பலகையிலேயே
பென்சிலால் 46 என்று எழுதி
இரண்டு கோடு கீழே போட்டேன்.

நாளை ஞாயிறு. கடை இல்லை.
இந்தக் கட்டடத்தில் ஞாயிறன்று
ஆணிகூட அடிக்கக் கூடாது.

"திங்கள் அறுக்கப் போறீங்களா?"
போனை வாங்கிய கையில் வெங்காய மணம்.

"பாப்பம்" என்றேன்.
காப்பைப் பற்றி அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அது இன்னும் தெரியாக்கணியம்தான்.
விளக்கை மட்டும் கொஞ்சம்
அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்,
கண்ணுக்குள் குத்துகிறது என்று.
திருப்பினாள், முழுதாக இல்லை.