பொருள் எண் ஒன்பது

பேரூராட்சி மன்றக் கூட்டத்தில்
குறிப்பெழுதுவது என் வேலை.
சத்தத்தைச் சுருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.
இரண்டு மணி நேரக் கூச்சலை
'உறுப்பினர்கள் விவாதித்தனர்' என்பதில் அடக்கலாம்.
வெளிநடப்பு என்றால் ஒரு வரி அதிகம்.
தேநீருக்கும் உளுந்து வடைக்கும்
தனிச் செலவுச்சீட்டு.

இடவப்பாதி மழையின் மூன்றாம் நாள்
அயனிக்கோணம் ஏழாம் வார்டில்
கலுங்கு இடிந்தது.
ரப்பர் தடி ஏற்றிய லாரி போன பிறகு என்றார்கள் சிலர்.
போகும்போதே என்றார்கள்
லாரிக்காரனோடு வழக்கு உள்ளவர்கள்.

விடிந்ததும் அந்தப் பக்கத்துக்காரர்கள்
இரண்டு தென்னந்தடியைச் சேர்த்துப் போட்டார்கள்.
குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் பிரிஜித்
தலையில் சருவத்தோடு நடந்தே கடந்தாள்.
திரும்பும்போது,
வெறும் சருவத்தை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு,
தவழ்ந்து வந்தாள்.

ஜூலைக் கூட்டத்துக்கு
ஏழாம் வார்டு உறுப்பினர் வத்சலா
உரச்சாக்கில் எதையோ சுமந்து வந்தார்.
தலைவரின் மேசையில், சால்வைகளுக்கும்
தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நடுவே கவிழ்த்தார்.
கலுங்கின் ஒரு துண்டு.
துருவேறிய கம்பி வெளியே நீண்டிருந்தது.
அது தலைவரின் கையில் படாதபடி
வருகைப் பதிவேட்டை நகர்த்தி வைத்தேன்.

"மாசம் நெறஞ்சவள
பிளாஸ்டிக் நாற்காலியில இருத்தி
அந்தத் தடிமேல தூக்கிட்டு வந்தோம் சார்.
நாற்காலிக்க ஒரு காலு முன்னாடியே ஒடிஞ்சது.
அந்தக் காலுக்க எடத்துல
நான் புடிச்சேன்."

அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம்தான்.
நான் எழுதினேன்:
உறுப்பினர் அழுதார்.

செயல் அலுவலர் குனிந்து பார்த்தார்.
"தீர்மானப் புத்தகத்துல இதெல்லாம் வராதும்மா."
ஒரு கோடு இழுத்தேன்.
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.
கீழே தொடர்ந்தேன்:
பொருள் எண் 9. மன்றம் விவாதித்தது.
நிதிநிலைமைக்கு உட்பட்டு
ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது.

(அடித்ததை அழிக்கக் கூடாது என்பது விதி.
கோட்டுக்கு அடியில் இருப்பது
வாசிக்கக் கிடைக்க வேண்டும்.)

மதிப்பீடு நான்கு லட்சத்து எண்பதாயிரம்.
பொறியாளர் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்.
மற்ற நாள்களில்
வேறு இரண்டு பேரூராட்சிகள் அவரைத் தேடும்.
முதல் ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவரும் வரவில்லை.
இரண்டாவதற்கு வந்தவர்
எம்-சாண்ட் விலையைப் போனில் கேட்டுவிட்டு
வடை தின்னாமல் எழுந்து போனார்.
மூன்றாவதை எடுத்தது தக்கலை மாகீன்.
இதில் ஒரு பைசா நிக்காது என்று
வாசலில் நின்ற வாட்ச்மேன் வரை
சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

துலாமழைக்கு எட்டு நாள் இருக்கும்போது
கான்கிரீட் விழுந்தது.
சணல்சாக்கு விரித்து
இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றியது பிரிஜித்.
யாரும் சொல்லவில்லை.
கூலிப்பட்டியலில் பெயரும் இல்லை.
மீன் கழுவியதோ என்று
பொறியாளர் சருவத்தை மோந்து பார்த்தார்.
"நல்ல வெள்ளந்தான் சார்" என்றாள் அவள்.
"கெணத்துல கோரினது."

பெயர்ப்பலகைக்குத் தனித் தீர்மானம்.
பதினொரு பெயர்கள், ஒரு சின்னக் கல்.
யார் மேலே யார் கீழே என்பதில்
சாயங்காலம் ஆகிவிட்டது.
வத்சலா வரவில்லை.
அன்றைக்கு அந்த நாற்காலிக்காரியின் பிள்ளைக்குப்
பெயரிடும் விருந்து.
நான் எழுதினேன்:
உறுப்பினர்கள் விவாதித்தனர்.

மார்ச் மாதம் தணிக்கைக்கு வந்தவர்
என் மேசையைப் பார்த்து நின்றார்.
"இது இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கா?"
ஏறவில்லை.
காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தேன்,
கம்பி சுவரைப் பார்க்க.

அவர் முன்னாலேயே ஏற்றினேன்.
உடைந்த கான்கிரீட், கம்பியுடன். எண்ணிக்கை 1.
மதிப்புக் கட்டத்தில் ஒரு கோடு.
'வரப்பெற்ற விதம்' என்ற கட்டம்
என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.
நுணுக்கி எழுதினேன்:
பொருள் எண் 9 காண்க.