அறியா வினா

லியெபாயா நகரத்தில் டிராமுக்கு ஒரே தடம்.
போகும், திரும்பி வரும்.
ஆலோசனை அறை அதே தெருவில், இரண்டாம் மாடி.
முதல் நாள் வில்னிஸ் வாய்திறந்து கேட்டது ஒன்றுதான்:
ஜன்னலைச் சாத்திவிடலாமா.

மூன்றாம் அமர்வின் ஒலிப்பதிவை
இரவில் சமையலறையில் ஓடவிட்டிருக்கிறாள் ஸ்மைடா.
தாளை நடுவில் மடித்தாயிற்று.
ஆமாம், இல்லை என்று முடிந்துபோகிற கேள்விகள் இடப்பக்கம்.
ஆளைப் பேசவிடுகிறவை வலப்பக்கம்.

தூக்கம் வருகிறதா. இடம்.
மாத்திரை போடுகிறீர்களா. இடம்.
இந்த வாரம் எப்படிப் போயிற்று. வலம்தான்,
ஆனால் அவர் "போயிற்று" என்று நிறுத்திவிடுகிறார்.
வேலைக்குத் திரும்பப் பயமாக இருக்கிறதா.
இடம். பதிலையும் அவளே ஊட்டியிருக்கிறாள்.
அதன்மேல் பென்சிலால் ஒரு சுழி.

முப்பத்தோராம் நிமிடம்.
தன்னுடைய குரல்தான், சற்றுக் களைத்திருக்கிறது:
"ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை?"

ஏன்.
போலீஸ்காரர் கேட்டது அது: ஏன் முன்பே பிரேக் போடவில்லை.
கம்பெனி மூன்று படிவங்களில் கேட்டது.
காப்பீட்டுக்காரி தொலைபேசியில்,
எதையோ மென்றுகொண்டே கேட்டாள்.
கூடப்பிறந்த தம்பி நீராவிக் குளியலில்
பிர்ச் இலைக்கட்டால் முதுகில் தட்டியபடி
அன்பாகத்தான் கேட்டான்.
எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும்
அந்த ஈரெழுத்துக்குள் ஒரு விரல் நீண்டிருக்கிறது.

அதன்பின் பதிவில் பேச்சில்லை.
நான்கு நிமிடம், சில நொடிகள்.
வெந்நீர்க் குழாய் முனகுகிறது.
கீழ்வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள்.
அன்று அவளுக்குக் காதில் விழுந்தது
தன் தவறு ஒன்றுதான்.
இன்று வேறொன்றும்:
டக்.
டக் டக்.
மரத்தரையில் காலணி நுனி.
பின்னோக்கி ஓட்டிக் கேட்கிறாள். டக். டக் டக்.
தேநீர் ஆறிப்போகிறது.

வினா ஆறு வகை என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறோம்.
விடை தெரிந்தே கேட்பது அறிவினா;
வாத்தியார் கேட்பார், விசாரணை அதிகாரி கேட்பார்.
கடையில் பருப்பு இருக்கிறதா என்பது கொளல் வினா.
மற்றதெல்லாம் மதிப்பெண்ணோடு போயிற்று.
தெரியாததைத் தெரியாமலே கேட்பதற்கும்
ஒரு பெயர் இருந்தது. அது மட்டும் நிற்கிறது.

ஸ்மைடா இந்த இலக்கணம் படித்தவளில்லை.
தாளைப் புரட்டிப் பின்பக்கம் எழுதுகிறாள்:
எனக்கு மெய்யாகவே தெரியாதது என்ன?
அடியில் ஒரு சொல்: கால்.

நான்காம் அமர்வு. மழை.
"உங்கள் வலது கால் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?"
வில்னிஸ் குனிந்து பார்த்தார்,
யாரோ மறந்துவிட்டுப்போன காலைப்போல.
"மணி" என்றார்.
"மணியடிக்கிற பெடல். இந்த இடத்தில்தான் இருக்கும்."
அவள் காத்திருந்தாள்.
"அன்றும் அடித்தேன். மூன்று தடவை. யாரும் கேட்கவில்லை."

மணியையா, அவரையா?
எந்தக் கேட்பது என்று
அவள் கேட்கவில்லை.

"பச்சை மழைக்கோட்டு" என்றார் பிறகு.
"கடைசி நொடியில் திரும்பிப் பார்த்தாள்.
ஓடிப் பிடிக்கவேண்டிய டிராமைப்
பார்ப்பார்களே, அப்படி."
கைக்குட்டை எடுக்கவில்லை. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தார்.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது.
சுழியத்திலிருந்து பத்துவரை ஒரு கோடு போட்டால்
இன்று எங்கே நிற்கிறீர்கள் என்றாள்.
வெகுநேரம் யோசித்தார்.
"இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில்."
அது எந்த எண் என்று கேட்கப் பாடத்தில் இடமுண்டு.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

கோட்டை மாட்டிக்கொண்டவர் கதவருகே நின்றார்.
"ஜன்னலைத் திறந்து பார்க்கலாமா?"

திறந்தார். கடற்காற்று தாள்களைக் கலைத்தது.
நான்கு பத்து வண்டி வளைவில் திரும்பி மணியடித்துப் போனது.
அவர் கால் அசையவில்லை;
அசைந்திருந்தாலும் காற்றில் தெரிந்திருக்காது.
குளிர்கிறது என்று
தானே மூடினார்.

அன்றிரவு தாளின் இடப்பக்கத்தில்
ஒரே ஒரு கோடு.
அது அவள் கேட்டதில்லை.