அரை மில்லிமீற்றர்

முதலில் கோழித்தொடையில்தான் பழகினேன்.
உவர்மலை விடுதி அறை, இரவு பதினொன்றுக்கு மேல்.
லாபீர் நானா தோல் உரிக்காமல் வெட்டித் தருவார்.
"டொக்டருக்கு நெஞ்சுக்கறி பிடிக்காதோ?"
தின்ன வாங்கவில்லையென்று நான் சொல்லவில்லை.
எலும்போரம் ஓடும் நாளத்தைப் பிரித்து
வெட்டி
மறுபடி பொருத்தி
தண்ணீர் செலுத்திப் பார்ப்பேன்.
ஒழுகும்.
நூற்றி நாற்பதாவது தொடையில் ஒழுகவில்லை.
விடுதிப் பூனை அந்த வருடம் நன்றாகக் கொழுத்தது.

யூலியற் பாலையூற்றுக்காரி,
தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவள்.
மார்பை எடுத்தவர்கள் அக்குளையும் துப்புரவாக்கினார்கள்:
பதினேழு கணுக்கள்,
அறிக்கையில் எண்ணி எழுதியிருக்கிறது.
நோய் போனது. எட்டு மாதத்தில் வலக்கை வீங்கியது.
"இது என்ர கை இல்ல டொக்டர்,
ஆரோ வந்து தங்கியிருக்கினம்."
விரலால் அழுத்தினால் குழி விழும்,
அது நிரம்பும்வரை நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.
பூசையில் சிலுவை போட நெற்றிவரை கை ஏறாது,
தாடையோடு நிறுத்திவிடுவாளாம்.
இடக்கையால் குத்திய திகதிகள்
கடித உறைகளில் சரிந்து கிடந்தன.

"களப்பு வாயை மண் மூடினால் என்ன செய்வினம்?" என்று கேட்டேன்.
"வெட்டிக் கடலுக்கு விடுவினம்."
"அதுதான். உங்கட கைக்குள்ள தண்ணி நிக்குது.
பக்கத்து நாளத்துக்கு ஒரு வாய் வெட்டப் போறன்."
"எவ்வளவு அகலம்?"
"அரை மில்லிமீற்றர்."
அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நுணுக்குக்காட்டி கொழும்பிலிருந்து வானில் வந்தது,
மூன்று நாள் இரவல்.
தேநீரை இரண்டு நாள் முன்பே நிறுத்தியிருந்தேன்.
விரலிடுக்கில் பச்சைச் சாயம் ஏற்றினோம்,
கண்ணுக்குத் தெரியாத ஒளியில் கமரா அதைத் தேடியது.
நல்ல கையில் அது கோடாக ஓடும்.
இவள் கையில் புகை.
மேலே மேலே புகை,
மணிக்கட்டுக்குச் சற்று மேலே மாத்திரம்
இரண்டு கோடுகள்
இன்னும் வழி தேடிக்கொண்டிருந்தன.

அங்கே கீறினேன்.

என் நாடித்துடிப்பை நுணுக்குக்காட்டி அலையாக்கிக் காட்டும்.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஊசி.
நூல் இருக்கிறதா இல்லையா என்று
வெறுங்கண்ணால் சத்தியம் செய்ய முடியாது.
ஊசிகளை எண்ணும் தாதி நில்மினி
காந்தத்தோடு மூச்சடக்கி நின்றாள்.
ஆறு தையல்.
கவ்வியைத் தளர்த்தினேன்.
நாளத்துக்குள் இருந்த சிவப்பு
கொஞ்சம் யோசித்தது,
பின்வாங்கியது.
தெளிநீர் உள்ளே வந்தது.
யாரும் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது கிழிந்துபோயிற்று.
அதை எழுதாமல் விட மனம் வரவில்லை.
ஆய்வுக் கட்டுரைகள் சதவீதம் சொல்லும்;
கிழிந்த குழாய்க்கு அதில் ஒரு தசமப் புள்ளி கிடைக்கும்.

ஆறு மாதம் கழித்து அளவு நாடாவை எடுத்தேன்.
முழங்கைக்கு மேலே முப்பத்தெட்டரை.
முந்தி நாற்பத்தொன்று.
"இவ்வளவுக்கா டொக்டர் ஏழு மணித்தியாலம்?"
அந்த இறுக்குக் கையுறையை இன்னும் போடத்தான் வேண்டும்,
வைகாசி வெயிலிலும்.
அதற்கு என்னைத் திட்டினாள்,
வலக்கையை நீட்டி நீட்டித் திட்டினாள்.
அது தோளுக்கு மேலே போனதை
அவள் கவனித்தாளோ தெரியாது.

போகும்போது வாசலில் நின்றாள்.
"கிண்ணியாவில இருந்து ஒரு பிள்ளை,
காசுக்கட்டளை மாத்த வாறவ,
கால் இப்பிடித்தான். அனுப்பட்டோ?"

நுணுக்குக்காட்டி திரும்பிப் போய் ஆறு மாதம்.
அடுத்த இரவலுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

"அனுப்புங்கோ," என்றேன்.

பின்னேரம் லாபீர் நானாவிடம்
நாலு தொடை சொல்லிவைத்தேன்,
தோல் உரிக்காமல்.